அணு உலை எப்படி ஓடுகிறது, எப்படி அடங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் இருக்கும் மாநிலம் நம்முடையது. அதனால் அறிவியல் கூட்டம் எந்தத் தலைப்பில் நடந்தாலும் கடைசியில் பேச்சு அணு உலைக்கு வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அணுமின்சாரம் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உலைக்குள்ளே என்னதான் நடக்குது? அணுவிலிருந்து நேரா கரண்ட் வருமா?

நேராக வராது. உலையின் வேலை தண்ணீரைச் சூடாக்குவது மட்டும்தான். அந்தச் சூட்டில் உண்டாகும் நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது. டர்பைன் பக்கம் மட்டும் பார்த்தால் நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும் கூடங்குளத்துக்கும் அடிப்படை வேறுபாடு கிடையாது. கூடங்குளத்தின் ஓர் உலை 3000 மெகாவாட் வெப்பம் தருகிறது. அதில் ஏறத்தாழ 1000 மெகாவாட் மின்சாரமாகிறது, மீதி வெப்பத்தில் பெரும்பங்கு கடல்நீரோடு போய்விடுகிறது.

சூட்டின் மூலம் அணுக்கரு பிளவு. யுரேனியம்-235 அணுவின் கரு ஒரு நியூட்ரானை உள்வாங்கியதும் இரண்டு துண்டாக உடைகிறது. துண்டுகள் அதிவேகமாகப் பாய்ந்து பக்கத்து அணுக்கள்மேல் மோதி நிற்கும்போது எரிபொருள் சூடாகிறது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் செய்த சோதனையில் இது தென்பட்டது. நடந்தது பிளவுதான் என்று விளக்கியவர்கள் லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதும் பிளந்தால் வரும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 3 டன் நல்ல நிலக்கரியை எரிக்க வேண்டும்.

ஒரு நியூட்ரான் மூணாகும், மூணு ஒன்பதாகும்னு ஸ்கூல்ல படம் போட்டாங்களே. அப்புறம் உலை ஏன் உடனே வெடிக்கலை?

அந்தப் படத்தில் பாதிதான் இருக்கிறது. ஒரு பிளவில் சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் வெளிவருவது உண்மை. ஆனால் எல்லாமே அடுத்த அணுவைப் பிளப்பதில்லை. சில வெளியே கசிந்துவிடும். சில எளிதில் பிளக்காத யுரேனியம்-238இல் சிக்கும். சிலவற்றைத் தண்ணீரும் உலோகமும் உறிஞ்சும், இன்னும் சிலவற்றை அதற்கென்றே வைத்திருக்கும் போரான் உறிஞ்சும். இந்த இழப்பெல்லாம் போக, சராசரியாக ஒரே ஒரு நியூட்ரான் அடுத்த பிளவை உண்டாக்கும்படி உலையை வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை 1 ஆக இருந்தால் சக்தி நிலையாக இருக்கும், 1ஐத் தாண்டினால் ஏறும், 1க்குக் கீழே போனால் இறங்கும்.

சரியாக 1இல் நிற்பதுதான் மாறுநிலை. 2013 ஜூலை 13 அன்று கூடங்குளம் முதல் உலை மாறுநிலையை எட்டியது என்றால், அன்றுதான் அதற்குள் தொடர்வினை முதன்முதலாகத் தானே நீடித்தது என்று பொருள். ஒரே சக்தியில் ஓடும் எந்த உலையும் ஒவ்வொரு நொடியும் அந்த நிலையில்தான் இருக்கிறது. மனிதர் கட்டிய முதல் உலை இதை எட்டியது 1942 டிசம்பர் 2 அன்று, சிகாகோவில், என்ரிக்கோ ஃபெர்மியின் தலைமையில். அன்று அது தந்த சக்தி அரை வாட்தான்.

அதே யுரேனியம்தானே அணுகுண்டுலயும்? ஏதாவது தப்பு நடந்தா ஹிரோஷிமா மாதிரி ஆயிடாதா?

ஆகாது. இதைத் தயங்காமல் சொல்லலாம். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் இந்த இயற்கை யுரேனியத்தையே எரிக்கிறது. கூடங்குளத்தில் அதைச் சில சதவீதத்துக்குச் செறிவூட்டிய எரிபொருள். குண்டுக்கு 90 சதவீதம் போலத் தேவை. அதோடு, வெடித்துச் சிதறுவதற்குள் போதுமான பகுதி பிளந்துவிடும்படி அதை நொடியின் நுண்பகுதிக்குள் ஒன்றாக அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். மின் உலையில் இரண்டும் கிடையாது.

அதற்காக உலையில் வெடிப்பே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. நீராவி வெடிக்கலாம், ஹைட்ரஜன் வெடிக்கலாம். இரண்டும் நடந்திருக்கின்றன, கீழே வருகிறது.

தண்ணீர் குளிர்விக்கத்தானே? அது இல்லேன்னா தொடர்வினையே நடக்காதுன்னு சொல்றாங்களே, எப்படி?

பிளவில் பிறக்கும் நியூட்ரான் நொடிக்கு 20,000 கிலோமீட்டர் அளவு வேகத்தில் கிளம்புகிறது. அந்த வேகத்தில் யுரேனியம்-235 அதை எளிதில் பிடிக்காது. நொடிக்கு 2 கிலோமீட்டர் சொச்சமாகக் குறைத்தால் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கணக்கான மடங்கு கூடுகிறது. வேகத்தைக் குறைக்க, கிட்டத்தட்ட அதே எடையுள்ள லேசான அணுக்களில் மோதவிட வேண்டும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அதற்குத் தோதானது. இப்படி வேகம் குறைக்கும் பொருளுக்குத் தணிப்பான் என்று பெயர். கூடங்குளத்தில் ஒரே தண்ணீர் தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் இரண்டு வேலை செய்கிறது.

சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களைக் கொஞ்சம் விழுங்கியும் விடும், அதனால்தான் எரிபொருளைச் செறிவூட்ட வேண்டியிருக்கிறது. கனமான ஹைட்ரஜன் உள்ள கன நீர் அப்படி விழுங்குவது மிகக் குறைவு. அதனால் கல்பாக்கத்தில் இயற்கை யுரேனியமே போதுகிறது. அங்குள்ள இரண்டு பழைய உலைகளை அவசரமாக நிறுத்தும் வழியும் இதை ஒட்டியதுதான். உலைக்கலனிலிருந்து கன நீரையே கீழே உள்ள தொட்டிக்குக் கொட்டிவிடுவார்கள். தணிப்பான் போனதும் தொடர்வினை நின்றுவிடும். ஒரு பொருளின் தன்மையையே பூட்டாகப் பயன்படுத்திய அழகான ஏற்பாடு இது. பிறகு வந்த இந்திய உலைகளில் நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளும், அதேபோல் விழுங்கும் திரவமும் வந்தன.

ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தலைமுறை நியூட்ரான் பிறந்துவிடும் என்கிறார்களே. தண்டை ஏற்றி இறக்க மோட்டாருக்கே நேரம் போதாதே?

எனக்கு வரும் கேள்விகளிலேயே சிறந்தது இதுதான். கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு நியூட்ரான் பிறந்து, அடுத்த பிளவை உண்டாக்கி மறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண் 1இலிருந்து 1.001 ஆகச் சற்றே நழுவுகிறது. ஒரு நொடியில் பத்தாயிரம் தலைமுறை, அதாவது 1.001ஐ பத்தாயிரம் முறை பெருக்க வேண்டும். சக்தி ஒரே நொடியில் ஏறத்தாழ 22,000 மடங்கு! எந்த மோட்டாரும் எந்தக் கணினியும் இதைப் பிடிக்க முடியாது. உலை என்ற ஒன்றே சாத்தியமில்லாமல் போயிருக்கும்.

காப்பாற்றுவது தாமத நியூட்ரான்கள். பிளவில் வரும் நியூட்ரான்களில் 99.35 சதவீதம் உடனடியாகப் பிறக்கின்றன. மீதி 0.65 சதவீதம் பிளவின்போது வருவதில்லை. உடைந்த துண்டுகளில் சில, கதிரியக்கத்தால் சிதையும் வழியில், நொடியின் ஒரு பகுதியிலிருந்து ஒரு நிமிடம் வரை கழித்து ஒரு நியூட்ரானை வெளியே விடுகின்றன. பத்தாயிரத்துக்கு 65 பேர்தான், ஆனால் அவர்களுடைய தாமதம் பெரியது. அவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒரு தலைமுறையின் காலம் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு அருகே வந்துவிடுகிறது. இப்போது அதே 1.001க்குச் சக்தி ஏறுவது நொடிக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். மோட்டார் நிதானமாகத் தண்டை இறக்கலாம், மனிதர் அளவுமானியைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. 1க்கு மேலுள்ள உபரி அந்த 0.65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உடனடி நியூட்ரான்களே தனியாகத் தொடர்வினையை நடத்தத் தொடங்கிவிடும், தாமதம் காப்பாற்றாது. உலை வடிவமைப்பு, தண்டு நகரும் வேகம், தானியங்கி நிறுத்தம் எல்லாமே அந்தக் கோட்டுக்கு அருகில்கூடப் போகாமலிருக்கத்தான்.

தண்டு எதனால் செய்தது? கரண்ட் போயிட்டா எப்படி இறங்கும்?

நியூட்ரானை நன்றாக விழுங்கும் பொருள்களால். போரான் கார்பைடு, காட்மியம், ஹாஃப்னியம் போன்றவை பழக்கத்தில் உள்ளன. கூடங்குளம் போன்ற உலைகளில் தண்ணீரிலேயே போரிக் அமிலத்தைக் கலந்து வைத்திருப்பார்கள். புது எரிபொருள் போட்டதும் அதிகம் இருக்கும், எரிபொருள் தீரத் தீரக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தண்டுகள் விரைவான மாற்றங்களுக்கு.

கரண்ட் போனால் இறங்குவதுதான் அதன் அமைப்பே. மேலே தூக்கிப் பிடித்திருப்பது மின்காந்தம். மின்சாரம் நின்றதும் பிடி விட்டு, சொந்த எடையில் சில நொடிகளில் உள்ளே விழுந்துவிடும்.

கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் கண்ணயர்ந்தால்? எல்லாம் மனிதர் கையில்தானே இருக்கு?

எல்லாம் இல்லை. நல்ல உலையில் முதல் காவல் இயற்பியல். எரிபொருள் சூடாகும்போது யுரேனியம்-238 முன்பைவிட அதிக நியூட்ரான்களை விழுங்கத் தொடங்குகிறது. இது டாப்ளர் விளைவு. சூடு ஏறிய மாத்திரத்தில் நடப்பதால் யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. இரண்டாவது, கூடங்குளம் வகையில் தண்ணீர் சூடாகி அடர்த்தி குறைந்தால் தணிப்பு குறைகிறது, தொடர்வினையும் தளர்கிறது. ஆக, சக்தி ஏறினால் அதுவே தன்னைக் கீழே இழுக்கிறது.

இதற்கு மனிதர் கைபடாத சாட்சியும் உண்டு. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்து யுரேனியத் தாதுவில் யுரேனியம்-235 இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருப்பதை 1972இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கவனித்தார்கள். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், யுரேனியம்-235 மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்த காலத்தில், அங்கே நிலத்தடி நீர் தணிப்பானாகித் தொடர்வினை தானாக நடந்திருக்கிறது. தண்ணீர் ஆவியானதும் நின்றது, திரும்ப ஊறியதும் தொடங்கியது. அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி நடந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட உலைகளில் மனிதத் தவறு பெரும்பாலும் எங்கே கடிக்கும் என்றால், தொடர்வினையில் அல்ல, குளிர்விப்பில். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் 1979 மார்ச் 28 அன்று உலை தானாக நின்றுவிட்டது. ஆனால் ஒரு வால்வு மூடாமல் சிக்கித் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அளவுமானியைப் பார்த்துத் தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்று நம்பிய ஊழியர்கள் அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது.

உலைதான் நின்னுடுச்சே, அப்புறம் எதுக்கு உருகணும்?

அணு உலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிளவு நின்றாலும் சூடு நிற்பதில்லை. அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் இருக்கும் மிச்சச் சூடு போலத்தான் பலரும் இதை நினைக்கிறார்கள். தோசைக்கல் ஆறிக்கொண்டே போகும், இங்கே சூடு புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். உடைந்த துண்டுகள் எல்லாம் கதிரியக்கமுள்ளவை. அவை சிதைந்து வெப்பம் தருவதை எந்தத் தண்டாலும் நிறுத்த முடியாது.

நிறுத்திய நொடியில் இந்தச் சிதைவு வெப்பம் முழுச் சக்தியில் 6 முதல் 7 சதவீதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்துக்கும், ஒரு நாளில் அரை சதவீதத்துக்கும் அருகே இறங்குகிறது. சின்ன எண்ணாகத் தோன்றும். 3000 மெகாவாட் உலையில் நிறுத்தியதும் 200 மெகாவாட், ஒரு நாள் கழித்தும் 12 முதல் 15 மெகாவாட். அதை எடுத்துப் போகத் தண்ணீர் இல்லாவிட்டால் எரிபொருள் உருகும். எரிபொருள் உறையான சிர்கோனியம் ஆயிரம் டிகிரிக்கு மேல் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும்.

தொடர்வினையை நிறுத்துவது நொடிக்கணக்கான வேலை. சூட்டை வெளியேற்றுவது நாள்கணக்கு, மாதக்கணக்கு. பயப்பட வேண்டியது இரண்டாவதற்கே.

அப்போ ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதானா?

இதுவேதான். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் உணரப்பட்டதும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுனாமி அவற்றை மூழ்கடித்தது. பம்ப்கள் நின்றன. மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. கூரைகளைப் பிய்த்து எறிந்தது ஹைட்ரஜன்.

கூடங்குளத்துக்கும் சுனாமி வந்தா? கல்பாக்கத்துக்கு 2004ல வந்ததே?

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், முதல் அலகு ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையிலிருந்து கதிரியக்கம் வெளியேறவில்லை.

கூடங்குளத்தில் மின்சாரம் அடியோடு இல்லாத நிலைக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. உலையின் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கும் கலனான நீராவி ஜெனரேட்டரிலிருந்து நீராவி தானாக மேலெழுந்து, கட்டடத்துக்கு வெளியே காற்றால் குளிரும் குழாய்களில் தண்ணீராகி, எடையால் திரும்பக் கீழே இறங்குகிறது. பம்ப் வேண்டாம். ஹைட்ரஜனைத் தண்ணீராக மாற்றும் சாதனங்கள், உருகிய எரிபொருளைத் தாங்கும் தொட்டி, இரட்டைச் சுவர்க் கட்டடம் ஆகியவையும் இருக்கின்றன. வடிவமைப்பில் இருப்பது வேறு, பராமரித்துத் தயாராக வைத்திருப்பது வேறு. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் குளிர்விப்பு, வெளியேற்றத் திட்டம், கழிவு பற்றிக் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள். 2013 மே மாதம் நிலையத்தை அனுமதித்த உச்ச நீதிமன்றமும் பாதுகாப்பு பற்றி 15 கட்டளைகள் இட்டது.

ஒரு தடவை உலை நின்னுட்டா திரும்ப ஓட்ட ஏன் ஒரு நாள், ரெண்டு நாள் ஆகுது?

ஏன் நின்றது என்று சோதித்து அறிவதில் பாதி நேரம் போகும், மீதிக்குக் காரணம் செனான் என்ற வாயு. பிளவுத் துண்டுகளில் இருந்து உருவாகும் செனான்-135, நியூட்ரானை விழுங்குவதில் நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும் பசி கொண்டது. உலை ஓடும்போது அது பிறப்பதும், நியூட்ரானை விழுங்கி அழிவதும் சமமாக இருக்கும். உலை நின்றதும் அழிப்பது நின்றுவிடும். அயோடின்-135 சிதைந்து செனானாக மாறுவது மட்டும் தொடரும். அதனால் நிறுத்திப் பத்து மணி நேரம் போல ஆகும்போது செனான் உச்சத்தில் இருக்கும். அந்நேரம் உலையைத் தொடங்க முயன்றால் பெரும்பாலும் எழாது. காத்திருந்தால் தானே சிதைந்து தீரும், அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 9 மணி நேரம்.

1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் முதல் பெரிய உலையை இயக்கியபோது சக்தி ஏறிவிட்டுத் தானாகச் சரிந்தது. செனான்தான் காரணம் என்று ஃபெர்மியும் ஜான் வீலரும் கண்டுபிடித்தார்கள். கூடுதலாகக் கட்டி வைத்திருந்த குழாய்களிலும் எரிபொருளை நிரப்பித்தான் சமாளித்தார்கள்.

செர்னோபில்ல நிறுத்தும் பட்டனை அழுத்தினப்பதான் வெடிச்சுதாமே? அது எப்படி?

உண்மைதான். மேலே சொன்ன காவல்களில் பல அங்கே தலைகீழாயின. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் ஒரு சோதனைக்காகச் சக்தியைக் குறைத்தபோது அது அளவுக்கு மீறிச் சரிந்தது, செனான் சேர்ந்தது. சக்தியைத் தூக்கி நிறுத்தக் கிட்டத்தட்ட எல்லாத் தண்டுகளையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அந்த உலையில் தணிப்பான் கிராஃபைட். தண்ணீர் குளிர்விப்பதோடு நியூட்ரான்களையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அது கொதித்து நீராவியானால் விழுங்குவது குறையும், கிராஃபைட் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே சக்தி ஏறினால் இன்னும் ஏறும்.

தண்டுகளின் கீழ்ப்பகுதியும் கிராஃபைட். முழுக்க வெளியே இருந்த தண்டுகள் ஒன்றாக இறங்கத் தொடங்கியதும், உலையின் அடிப்பகுதியில் இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கிராஃபைட் வந்தது. முதல் சில நொடிகளில் தொடர்வினை கூடியது. தண்டு முழுதும் இறங்க 18 நொடி போல ஆகும், அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. தாமத நியூட்ரான் பற்றிய பதிலில் சொன்ன கோடு தாண்டப்பட்டது, உலை நீராவி வெடிப்பில் சிதறியது. கல்பாக்கத்தின் கன நீர் உலைகளிலும் குளிர்விக்கும் நீர் ஆவியானால் சக்தி சற்றே ஏறும் தன்மை உண்டு, இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மெதுவாக ஏறும், நிறுத்தும் அமைப்பு அதற்கு முன்பே முடித்துவிடும்.

ஈனுலையில் தணிப்பானே கிடையாதாமே, அப்போ கட்டுப்பாடு?

ஈனுலை என்பது ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பதில்லை. வேக நியூட்ரான்கள் யுரேனியம்-238ஐப் புளூட்டோனியமாக மாற்றுவதில் நன்றாக உதவும் என்பதே காரணம். வேகத்தைக் குறைக்காத குளிர்விப்பான் வேண்டும் என்பதால் தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம். புளூட்டோனியத்தின் தாமத நியூட்ரான் பங்கு 0.2 சதவீதம் போலத்தான், யுரேனியத்தில் மூன்றில் ஒரு பங்கு. எல்லைக்கோடு இன்னும் நெருக்கம். ஆனாலும் கட்டுப்பாடு அதே தாமத நியூட்ரான்களை நம்பியே நடக்கிறது, டாப்ளர் விளைவும் சூட்டில் எரிபொருள் விரிவதும் துணை நிற்கின்றன. 1985 முதல் அங்கே ஒரு சிறிய சோதனை ஈனுலை இயங்கி வருகிறது. கடினமான பகுதி சோடியம். காற்றில் எரியும், தண்ணீர் பட்டால் மூர்க்கமாக வினைபுரியும். நீராவி ஜெனரேட்டரில் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் உலோகக் குழாய்ச் சுவர்தான் இருக்கிறது.

எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை என்ன செய்றாங்க?

சிதைவு வெப்பம் பற்றிய பதில் இங்கும் பொருந்தும். வெளியே எடுத்த பிறகும் சூடு வந்துகொண்டே இருப்பதால் ஆண்டுக்கணக்கில் ஆழமான குளத்தில் வைக்கிறார்கள். தண்ணீரே கதிர்வீச்சையும் தடுக்கும். பிறகு இந்தியாவில் மறுசுத்திகரிப்பு செய்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். கல்பாக்கத்தில் அதற்கான ஆலை உண்டு. மிஞ்சும் கழிவைக் கண்ணாடியாக உருக்கி உறையவைக்கிறார்கள். அதில் சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, கழிவில் தங்கிவிடும் சில தனிமங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு. நிலத்தடியில் நிரந்தரமாக வைக்கும் இடத்தைப் பின்லாந்து ஒன்கலோ என்ற பெயரில் குடைந்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஓர் இடம் இன்னும் கட்டப்படவில்லை.